ஐந்து வட்டாரங்களுக்கு ஐந்து பறவைகள்: மேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐந்து சமூக மேம்பாட்டு மன்ற மேயர்களுக்கும், தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மத்திய சிங்கப்பூர், வடகிழக்கு, வடமேற்கு, தென்கிழக்கு, தென்மேற்கு ஆகிய ஐந்து வட்டாரங்களும் தத்தமக்கென ஒரு பறவையை அதிகாரபூர்வச் சின்னமாகத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டும் என்றும், அந்த அறிவிப்போடு அப்பறவை வாழும் இடத்தைப் பேணும் கடமையையும் எழுத்தில் ஏற்க வேண்டும் என்றும் கேட்டு இம்மடலை எழுதுகிறேன். இவ்விரண்டில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதாக இருந்தால், முதலாவதும் வேண்டாம் என்பதே என் நிலை. ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதை விளக்க இடம் தாருங்கள்.

நம் நாட்டுக்கு அதிகாரபூர்வ தேசியப் பறவை இன்றுவரை இல்லை. இயற்கைச் சங்கம் 2002-இல் நடத்திய வாக்கெடுப்பிலும், 2015-இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்பிலும் செந்நிறத் தேன்சிட்டு முதலிடம் பெற்றது. ஆனாலும் மக்கள் வழக்கில் மட்டுமே அது தேசியப் பறவை. வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் 1981-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. 2022-இல் நிறைவேறிய தேசியச் சின்னங்கள் சட்டம் அம்மலருக்குச் சட்டத்தின் ஏற்பையும் தந்தது. பறவைக்கு அந்த வரிசையில் இடமில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1782 முதல் தன் முத்திரையில் வெண்தலைக் கழுகைப் பொறித்திருந்த அமெரிக்காவே 2024 டிசம்பரில்தான் அதைத் தேசியப் பறவை என்று சட்டத்தில் எழுதியது. நாடு முழுமைக்கும் ஒரு பறவையை முடிவுசெய்யக் காலம் எடுக்கலாம். வட்டாரங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பறவைகளைச் சின்னமாகப் பார்ப்பது மூத்த சிங்கப்பூரர்களுக்குப் புதிதன்று. 1976 முதல் 1984 வரை வெளியிடப்பட்ட நாணயத்தாள்கள் அனைத்திலும் பறவைகளே இருந்தன. ஒரு வெள்ளித் தாளில் ஆலா, ஐந்து வெள்ளியில் செம்மீசைச் சின்னான், பத்தில் மீன்கொத்தி, இருபதில் தேன்சிட்டு, ஐம்பதில் சோலைபாடி, நூறில் பஞ்சுருட்டான், ஐந்நூறில் மாங்குயில், ஆயிரத்தில் செம்பருந்து, பத்தாயிரத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகு. சம்பளநாளில் ஐம்பது வெள்ளித் தாளை எண்ணி வாங்கியவர்களில் எத்தனை பேர் சோலைபாடி பாடுவதைக் காட்டில் கேட்டிருப்பார்கள்? அதன் படம் எல்லார் கையிலும் புழங்கிக்கொண்டிருந்தது. பறவையோ காடு சுருங்கியதாலும் கூண்டுக்காகப் பிடிக்கப்பட்டதாலும் இத்தீவில் அரிதாகிவிட்டது. படம் வேறு, பறவை வேறு என்ற இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் என் வேண்டுகோளை வகுத்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நிலத்தை அங்கு வாழும் பறவையோடு சேர்த்து அறிவது எங்கள் மொழியில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். ஐந்திணைகளுக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளும் ஒன்று: குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, நெய்தலுக்குக் கடற்காக்கை, பாலைக்குப் பருந்தும் கழுகும். எந்த அரசனும் கூடிப் பேசி வழங்கிய பட்டமன்று அது. அந்நிலத்தின் நீரும் இரையும் மரமும் எப்படி அமைந்திருந்தனவோ, அதற்கேற்ப அங்கு வாழ்ந்த பறவை அந்நிலத்தின் பறவையாயிற்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகிவிடும் என்றும் அதே மரபு சொல்கிறது. நிலம் கெட்டால் அதன் பறவையும் மாறிவிடும். வட்டாரப் பறவை என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான அடிப்படையை நான் எங்கும் காணவில்லை. எனவே, அழகான பறவை எது என்பதைவிட, இந்த நிலத்தால் வாழும் பறவை எது என்று உங்கள் வட்டார மக்களிடம் கேட்குமாறு வேண்டுகிறேன்.

அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க மாநிலங்களே சான்று. கார்டினல் என்னும் சிவப்புப் பறவையை ஏழு மாநிலங்கள் தம் பறவையாக வைத்திருக்கின்றன. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே, தன் மக்களின் விருப்பப்படி முடிவெடுத்ததால் வந்த விளைவு அது. நம் ஐந்து வட்டாரங்களும் தனித்தனியே வாக்கெடுப்பு நடத்தினால் ஐந்திலும் தேன்சிட்டே வெல்லக்கூடும். ஆகவே ஐந்து மேயர்களும் சேர்ந்து அமர்ந்து, ஒரு பறவை ஒரு வட்டாரத்துக்கே என்ற விதியோடு இப்பணியைத் தொடங்க வேண்டும்.

இந்திய மாநிலங்கள் இவ்விதத்தில் பன்மை மிக்கவை. தமிழ்நாட்டுக்கு மரகதப்புறா, புதுச்சேரிக்குக் குயில், கேரளத்துக்குப் பெரிய இருவாச்சி, கர்நாடகத்துக்கும் தெலங்கானாவுக்கும் பனங்காடை. இவற்றுள் மரகதப்புறா புக்கிட் தீமா காட்டிலும் புலாவ் உபின் தீவிலும் நம்மோடும் வாழ்கிறது என்பதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு மாநிலங்களின் அனுபவங்கள்.

ராஜஸ்தான் 1981-இல் கானமயிலை மாநிலப் பறவையாக்கியது. மனிதரின் இடுப்புயரம் நிற்கும், புல்வெளியில் நடந்து இரைதேடும், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை அது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாநிலச் சின்னமாக இருந்தும், இன்று உலகில் எஞ்சியுள்ளவை 150-க்கும் குறைவு என்றே கணிக்கப்படுகிறது. வேட்டையாலும் புல்வெளி அழிவாலும் அருகிய இனம், தார்ப் பாலைவனத்தில் காற்றாலைகளுக்கும் சூரியமின் பூங்காக்களுக்கும் இழுக்கப்பட்ட உயர் மின்கம்பிகளில் மோதி மடியத் தொடங்கியது. உடல் கனமானது, பறக்கும்போது நேரெதிரே உள்ளதைக் காணும் ஆற்றல் குறைவு, கம்பி கண்ணில் படும்போது விலகிச் செல்ல நேரமில்லை. 2021-இல் இந்திய உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. மாநிலப் பறவை என்ற பெயர் அதுவரை அப்பறவைக்காக எந்தக் கம்பியையும் நகர்த்தவில்லை. பெயரோடு கடமை எதுவும் சேர்க்கப்படாததுதான் காரணம் என்று நான் கருதுகிறேன்.

தெலங்கானாவின் அனுபவம் வேறு வகையானது. தசராவன்று பனங்காடையைக் காண்பது நற்பேறு என்பது அங்குள்ள நம்பிக்கை. வயல்வெளிக்குச் சென்று வானத்தில் அதைத் தேடிய வழக்கம் நகரங்களில் சுருங்கி, பறவையைப் பிடித்து, சிறகைக் கட்டி, கூண்டில் கொண்டுவந்து காசுக்குக் காட்டுவதாக ஆனது. வனத்துறையும் விலங்குநல ஆர்வலர்களும் அத்தகைய பறவைகளை மீட்கப் பாடுபட வேண்டியிருக்கிறது. அன்பும் மதிப்பும் நிறைந்த ஒரு வழக்கமே பறவைக்குத் துன்பமாக முடியலாம். இங்கும் அது நேரலாம். வட்டாரப் பறவை என்று அறிவித்த மறுநாளே அதற்குப் பழம் வைக்கவும் சோறு வைக்கவும் பலர் முன்வருவார்கள். 2020 முதல் காட்டுயிர்ச் சட்டப்படி அது குற்றம் என்பது பலருக்கும் தெரியாது. ஆகவே அறிவிப்பின் முதல் நாளிலேயே, அன்பை எப்படிக் காட்டக்கூடாது என்பதையும் நான்கு மொழிகளிலும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ஹவாய்த் தீவுகளின் நேனே வாத்து 1950-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பது பறவைகளாகக் குறைந்திருந்தது. 1957-இல் அதை அத்தீவுகளின் பறவையாக அறிவித்தார்கள். காப்பிடத்தில் குஞ்சு பொரிக்கச் செய்து காட்டில் விடுவது, கீரி போன்ற அயல் விலங்குகளிடமிருந்து கூடுகளைக் காப்பது ஆகிய பணிகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. இன்று அவை சில ஆயிரங்கள். 2019-இல் அமெரிக்க அரசு அதை ‘அழியும் நிலை’யிலிருந்து, ஆபத்து ஒரு படி குறைந்த நிலைக்கு மாற்றியது. அங்கே பெயரும் பணியும் ஒன்றாக நடந்தன.

இனி நம் தீவுக்கு வருகிறேன். 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் சிங்கப்பூரில் பதிவாகியுள்ளன. இறுதி முடிவு மக்களுடையது. ஆயினும் என் பரிந்துரைகளை மறைத்து வைப்பது நேர்மையாகாது.

வடகிழக்குக்கு நான் முன்மொழிவது வைக்கோல்தலைச் சின்னான். சின்னான் இனங்களிலேயே மிகப் பெரியது. தலை வைக்கோல் நிறம். இணையாக அமர்ந்து, ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்கிப் பாடும். அந்தக் குரலே அதற்குக் கேடாயிற்று. தென்கிழக்காசியா முழுவதும் கூண்டுப் பறவை வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டு, தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது அற்றுப்போனதாகவே கருதப்படுகிறது. 2018-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. 2022-இல் அதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை நாடுகள் ஏற்றன. இத்தகைய பறவை, உலகின் மிக நெருக்கமான நகரங்களுள் ஒன்றான நம் ஊரில் நூற்றுக்கணக்கில் வாழ்கிறது. புலாவ் உபினின் கைவிடப்பட்ட தோப்புகளும் ஓடையோரப் புதர்களும் அதன் கோட்டை. அண்டை நாடுகளில் காட்டின் பரப்பு நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிது. அங்கெல்லாம் அது தோற்று, இங்கே நிலைத்திருப்பதற்கு, பிடிப்பவர்கள்மீது சட்டம் இங்கே உறுதியாகப் பாய்வது முதன்மையான காரணம். இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி; ஆனால் உபினுக்கு மிதிவண்டி ஓட்டச் செல்வோரில் பெரும்பாலோர் அதன் பெயரைக்கூட அறியமாட்டார்கள்.

புகழ் கூடினால் திருடர்களும் கூடுவார்களே என்ற அச்சம் சிலருக்கு வரலாம். பிடிப்பவர்களுக்கு அப்பறவை இருக்குமிடம் ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் காக்கக்கூடிய பொதுமக்களே. கூடுகளின் இடத்தை வெளியிடாமல் பறவையின் பெயரைப் பரப்ப முடியும்.

கருவெள்ளை இருவாச்சிக்கும் ஒரு வட்டாரத்தில் இடம் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவிலிருந்து மறைந்துபோன இப்பறவை 1994-இல் புலாவ் உபினில் மீண்டும் காணப்பட்டது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை சிறு பிளவு வழியே இரை ஊட்டும் இனம் இது. பொந்துள்ள முதுமரங்கள் நம்மிடம் குறைவு. பூங்காக் கழகமும் பறவைப் பூங்காவும் ஆய்வாளர்களும் சேர்ந்து செயற்கைக் கூட்டுப்பெட்டிகளை மரங்களில் பொருத்தி அதன் இனப்பெருக்கத்துக்கு உதவினார்கள். இன்று அது சாங்கியிலும் பாசிர் ரிசிலும் அடுக்குமாடிகளுக்கிடையே பறக்கிறது. ஒரு பறவை திரும்பி வர மனிதர் என்ன செய்ய முடியும் என்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

நீர்த்தேக்கங்களையொட்டி உயர்ந்த அல்பீசியா மரங்களில் கூடுகட்டும் சாம்பல்தலை மீன்கழுகு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் மரங்களில் சத்தமின்றிப் பழம் தின்னும் பச்சைப்புறா, கடலோரத்து வெண்வயிற்றுக் கடற்கழுகு ஆகியவையும் தகுதியானவை. செந்நிறத் தேன்சிட்டை நாடு முழுமைக்கும் உரியதாக விட்டுவைக்கலாம் என்பது என் கருத்து.

சில பறவைகளை விலக்கவும் வேண்டும். நம் உணவங்காடிகளில் மேசைக்கு மேசை தாவும் ஜாவா மைனா, கடந்த நூற்றாண்டில் கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டுப் பெருகியது; வீட்டுக்காகமும் இங்கே அயல்வரவே. அமாவாசைக்குக் காகத்தை அழைத்துச் சோறு வைக்கும் குடும்பங்களுக்கு இதைக் கேட்க வருத்தமாக இருக்கலாம். எனக்கும் காகத்தின்மீது பற்றுண்டு. ஆனால் ஒரு நிலத்தின் சின்னம் அந்நிலத்துப் பறவையாகவே இருக்க வேண்டும். குயிலைப் பற்றியும் கேட்பார்கள். காகத்தின் கூட்டில் முட்டையிடும் குயில், காகம் பெருகியதோடு தானும் இங்கே பெருகி, இன்று விடியுமுன் கூவிப் பலரை எழுப்புகிறது. அதற்கு நம் உதவி தேவையில்லை. உதவி தேவைப்படும் பறவைக்கே இப்பட்டத்தைத் தருவோம்.

இவ்வளவு சிறிய தீவுக்கு வட்டாரப் பறவைகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: பாசிர் ரிசின் சதுப்புக் காடும் புக்கிட் தீமாவின் மழைக்காடும் ஒரே தீவில் இருந்தாலும் ஒரே நிலமல்ல. தேர்தலுக்குத் தேர்தல் தொகுதி எல்லைகள் மாறுவதால் வட்டார எல்லைகளும் மாறக்கூடும் என்பது மெய்தான். அதனால்தான் பறவையை நிர்வாக எல்லையோடு மட்டும் பிணைக்காமல், ஒரு குறிப்பிட்ட காட்டோடு, சதுப்போடு, நீர்நிலையோடு பெயர் சொல்லிப் பிணைக்கக் கேட்கிறேன்.

கடமை என்று நான் சொல்வது இதைத்தான். வட்டாரப் பறவை கூடுகட்டும் பருவத்தில் நகர மன்றங்களின் குத்தகையாளர்கள் மரம் கழிக்குமுன் கூடு இருக்கிறதா என்று பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். மரகதப்புறாவும் பச்சைப்புறாவும் பிறவும் கண்ணாடிச் சுவர்களில் மோதி இறக்கின்றன. பறவையின் வாழிடத்தை ஒட்டி எழும் சமூக மன்றங்களும் நூலகங்களும், கண்ணாடியைப் பறவையின் கண்ணுக்குத் தெரியும்படி அமைத்து முன்மாதிரியாக இருக்க வேண்டும். அவ்வாழிடத்தில் கட்டுமானம் திட்டமிடப்படும்போது, அப்பறவைக்கு என்ன நேரும் என்பதைத் தனித் தலைப்பில் விளக்கி, பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். 2021-இல் உலு பாண்டான் காட்டைப் பற்றி நாடே பேசியபோது, மக்கள் கருத்துக்குப் பிறகு அங்கே வீடுகள் கட்டும் திட்டம் மாற்றப்பட்டு மேற்குப் பகுதியைத் தற்போதைக்கு விட்டுவைக்க முடிவானது. அந்த விவாதத்தில் மீன்கழுகும் சின்னானும் பெயர் சொல்லிப் பேசப்பட்டன. வீடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளம் தம்பதியர் வீட்டுக்காகக் காத்திருப்பதன் வலியை அறிவேன். எதை இழக்கிறோம் என்று அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாக்களிப்போர் பற்றியும் ஒரு கோரிக்கை உண்டு. வசிப்போர் குழுக்கள், பள்ளிகள், மூத்தோர் நிலையங்கள் இயல்பாகவே பங்கேற்கும். அவற்றோடு நம் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் வாக்குரிமை தாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து, புல் வெட்டி, கிளை கழித்து, இலை கூட்டும் அவர்கள் கண்ணில்தான் கூடும் குஞ்சும் முதலில் படுகின்றன. தங்கும் விடுதிகளுக்குத் தமிழிலும் வங்காளத்திலும் வாக்குச்சீட்டுகள் போகட்டும். எந்த மரத்தில் எது கூடுகட்டுகிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரையும் அனுப்புங்கள்.

இறுதியாக, கணக்கு. குடிமக்களைக் கொண்டு தோட்டப் பறவைகளை எண்ணும் பழக்கம் பூங்காக் கழகத்துக்கு ஏற்கெனவே உண்டு. அதே முறையில் ஐந்து வட்டாரப் பறவைகளையும் ஆண்டுதோறும் எண்ணி, எண்ணிக்கை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் அதை மேயர்களே தங்கள் வட்டார மக்களிடம் அறிவிக்க வேண்டும். குறைந்திருந்தால் காரணத்தையும், அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். முதல் கணக்கெடுப்பு, பறவை தேர்ந்தெடுக்கப்படும் முன்பே நடந்துவிடட்டும். அப்போதுதான் பிற்காலத்தில் ஒப்பிட நமக்கு ஓர் அடிப்படை எண் இருக்கும். அதில் சேர்ந்து எண்ணுவதற்கு என்னைப் போன்ற வட்டாரவாசிகள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். தேதியை மட்டும் அறிவியுங்கள்.

மிக்க மரியாதையுடன்,
அங் மோ கியோ வட்டாரவாசி ஒருவர்